வாங்குகிற கை வேறு, பாத்தியதை வேறு: ஜாயின்ட் அக்கவுன்டில் ஒருவர் இறந்தால் பணம் யாருக்கு?

அப்பா இறந்துவிட்டார். பாஸ்புக்கில் அப்பா பெயரும் தம்பி பெயரும் சேர்ந்து இருக்கிறது. நாமினி இடத்தில் அக்கா பெயர். அம்மா பெயர் எங்கேயும் இல்லை. இப்போது பணம் யாருக்கு?

வங்கியில் கேட்டால் தம்பிக்கு என்பார்கள். நாமினி போட்டால் அவருக்குத்தான் என்று நம்புகிறவர்கள் அக்காவுக்கு என்பார்கள். சொந்தத்தில் ஒரு பெரியவர் இருந்தால் "பொண்டாட்டி உசுரோட இருக்கும்போது பிள்ளைங்களுக்கு என்ன அவசரம்?" என்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கலே. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டம் மாறியதும் குழப்பம் இன்னும் கூடிவிட்டது, ஏனென்றால் நாமினிகளுக்குச் சதவீதம் பிரித்து எழுதலாம் என்றதும் பலர் அதைப் பாகப்பிரிவினை பத்திரம் மாதிரி நினைத்துக்கொண்டார்கள். அது பாகப்பிரிவினை கிடையாது. ஏன் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம். இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டப்படி.

எல்லாக் குழப்பமும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது

1. வங்கி யார் கையில் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும்?
2. அந்தப் பணம் கடைசியில் யாருக்குச் சேர வேண்டும்?

முதல் கேள்வி வங்கியின் கவலை. இறந்தவர் வீட்டில் எத்தனை பேர், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, சொத்து பிரிந்ததா என்றெல்லாம் கவுன்டரில் உட்கார்ந்து விசாரிக்க வங்கியால் முடியாது. அதனால் "இன்னாரிடம் கொடுத்துவிட்டால் போதும், பிறகு எங்களைக் கேட்கக்கூடாது" என்று ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. ஜாயின்ட் அக்கவுன்டில் இருக்கும் சர்வைவர் ஷரத்தும் (ஒருவர் இறந்தால் உயிரோடிருப்பவர் வாங்கலாம் என்ற நிபந்தனை) நாமினியும் அந்த ஏற்பாடுதான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் உயிலில் இருக்கும். உயில் இல்லாவிட்டால் இறந்தவரின் மதத்துக்குரிய வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கும். வங்கி ஃபாரத்தில் இருக்காது.

பணத்தை வாங்குகிற கையும் பணத்துக்குப் பாத்தியப்பட்ட ஆளும் ஒருவராகவே இருந்துவிடலாம். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் வித்தியாசம் தெரியாமலே காலம் ஓடிவிடுகிறது. வேறு வேறு ஆளாக இருக்கும்போதுதான் வக்கீல் ஆபீஸ் வாசலில் செருப்பு நிறைகிறது.

பாஸ்புக்கில் இருக்கும் அந்த ஒரு வரி

ஜாயின்ட் அக்கவுன்ட் என்பது ஒரே ரகம் இல்லை. கணக்கு தொடங்கும்போது 'மோட் ஆஃப் ஆபரேஷன்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள், அல்லது வங்கிக்காரரே உங்களைக் கேட்காமல் அடித்திருப்பார். பாஸ்புக்கின் முதல் பக்கத்திலோ எஃப்டி ரசீதிலோ அது அச்சாகியிருக்கும். ஒருவர் இறந்ததும் வங்கி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

1. எயிதர் ஆர் சர்வைவர். இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் கணக்கை இயக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் தொடரலாம். நம் ஊரில் மிகவும் பரவலாக இருப்பது இதுதான்.

2. எனிஒன் ஆர் சர்வைவர். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் இதே ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர்.

3. ஃபார்மர் ஆர் சர்வைவர். முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டும்தான் இயக்க முடியும். அவர் போன பிறகுதான் இரண்டாமவருக்கு வழி திறக்கும். பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும், ஆனால் இப்போதே அவன் கையில் சாவியைக் கொடுக்க மனமில்லை என்பவர்களுக்குத் தோதானது. இதைத் தலைகீழாகப் போட்டால் லேட்டர் ஆர் சர்வைவர், அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

4. ஜாயின்ட்லி. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம், 'சர்வைவர்' என்ற சொல்லே கிடையாது. இதில் ஒருவர் இறந்தால் கணக்கு அப்படியே நின்றுவிடும். மீதி இருப்பவரும் இறந்தவரின் வாரிசுகளும் சேர்ந்து வந்தால்தான் வங்கி பணம் கொடுக்கும். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 45-வது பிரிவே இதைத்தான் சொல்கிறது: இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருந்து அவர்களில் ஒருவர் இறந்தால், இருப்பவரும் இறந்தவரின் பிரதிநிதியும் சேர்ந்துதான் அதைக் கேட்க முடியும். சர்வைவர் ஷரத்து என்பது இந்தப் பொது விதியிலிருந்து வங்கியும் வாடிக்கையாளரும் செய்துகொண்ட விலக்கு.

எஃப்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எயிதர் ஆர் சர்வைவர் என்று போட்டிருந்தாலும், முதிர்வு தேதிக்கு முன் எஃப்டியை உடைப்பது தனி விஷயம். "எங்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் தொல்லை இல்லை. இல்லாவிட்டால், உடைப்பதற்கு இறந்தவரின் வாரிசுகளுடைய சம்மதத்தையும் வங்கி கேட்கலாம். மறுநாளே ஆஸ்பத்திரி பில் கட்ட வேண்டிய வீட்டில் இந்த ஒரு கடிதம் இல்லாதது பெரிய தலைவலி. டெபாசிட்தாரர் இறந்த காரணத்துக்காக முன்கூட்டியே உடைத்தால் அபராத வட்டிக் குறைப்பு கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பிடித்தம் செய்திருந்தால் கேளுங்கள்.

நாமினி எப்போது வருகிறார்?

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: ஜாயின்ட் அக்கவுன்டில் ஒருவர் இறந்தால் நாமினிக்கு அங்கே வேலையே இல்லை. எல்லாக் கணக்குதாரர்களும் இறந்த பிறகுதான் நாமினி வருகிறார். ஆக, நாம் ஆரம்பத்தில் பார்த்த வீட்டில் தம்பி உயிரோடு இருக்கும்வரை அக்கா நாமினி என்ற முறையில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. (வாரிசு என்ற முறையில் அவருக்கு உரிமை இருக்கிறது. அது வேறு கதை, அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறோம்.) இதனால்தான் ஜாயின்ட் அக்கவுன்டில் நாமினி போடவோ மாற்றவோ எல்லாக் கணக்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

சரி, எல்லோரும் போய், நாமினி பணத்தை வாங்கிவிட்டார். அது அவருடையதா? 1949-ம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-இசட்ஏ பிரிவைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் நாமினிக்கே எல்லா உரிமையும் என்கிற தொனியில் எழுதியிருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2010-ல் தீர்ப்பு வந்தது: இறந்தவர் இருந்திருந்தால் வங்கியிடம் கேட்டிருக்கக்கூடிய பணத்தை அவர் இடத்தில் நின்று வாங்கும் உரிமை மட்டும்தான் நாமினிக்கு, அவர் சொந்தக்காரர் ஆவதில்லை, வாரிசுகளின் உரிமை அப்படியே நிற்கிறது. ஆயுள் காப்பீட்டு நாமினி விஷயத்தில் 1984-லேயே இதே கருத்தை உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கம்பெனி பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரிலும் அதையே சொன்னது. (காப்பீட்டில் மட்டும் 2015-ல் சட்டம் மாறி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று ஆகிவிட்டது. வங்கி டெபாசிட்டுக்கு அப்படி ஒரு மாற்றம் வரவில்லை. இதையும் அதையும் கலக்கக்கூடாது.)

புதிதாக வந்த நான்கு நாமினி ஏற்பாட்டையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். டெபாசிட் கணக்கில் ஒரே நேரத்தில் பலருக்குச் சதவீதம் பிரித்துப் போடலாம், கூட்டினால் 100 வர வேண்டும். அல்லது முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர் என்று வரிசையாகப் போடலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். இதெல்லாம் வங்கி யார் யாரிடம் எவ்வளவு கொடுக்கும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

கணக்கில் பெயர் இருந்தால் பணத்திலும் பாதி என்று அர்த்தமா?

இங்கேதான் விஷயம் ஆழமாகப் போகிறது. நாமினி சொந்தக்காரர் இல்லை என்பதைப் பலரும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஜாயின்ட் ஹோல்டர் என்றால் சொந்தக்காரர்தானே, கணக்கே அவர் பெயரிலும்தானே இருக்கிறது என்று கேட்பார்கள்.

அப்படித்தான் ஒரு மனைவி தரப்பு கேட்டது, ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன். கணவர் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து, இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் வாங்கலாம் என்று வங்கியில் போட்டிருந்தார். அவர் இறந்ததும் அந்தப் பணம் மனைவிக்குக் கொடுத்த அன்பளிப்பா, கணவரின் சொத்தா என்று வழக்கு. 1928-ல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அப்போது நமக்கு அதுதான் கடைசி அப்பீல் கோர்ட், சொன்னது இது: இங்கிலாந்துச் சட்டத்தில் மனைவி பெயரில் பணம் போட்டால் அவளுக்குக் கொடுக்கத்தான் போட்டார் என்று அனுமானிப்பார்கள், இந்தியாவில் அந்த அனுமானம் கிடையாது. இங்கே ஆண்கள் பல காரணத்துக்காகவும் சௌகரியத்துக்காகவும் வேறொருவர் பெயரில் பணமும் நிலமும் வாங்கிப் போடுவது வழக்கம். எனவே கொடுப்பதற்காகத்தான் போட்டார் என்று நிரூபித்தாலொழிய, பணம் போட்டவருடையது.

இந்த அடிப்படைதான் இன்றைக்கும் நிற்கிறது. சர்வைவருக்குப் பணம் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூனில் அனுப்பிய சுற்றறிக்கையிலும் அதன் வாடை இருக்கிறது. வங்கி மூன்று காரியம் செய்திருக்க வேண்டும்: வந்தவர் யார், இறப்பு உண்மையா என்று உரிய ஆவணத்தோடு உறுதிப்படுத்த வேண்டும். பணம் கொடுக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு எதுவும் இருக்கக்கூடாது. மூன்றாவது, பணம் வாங்குகிறவரிடம் "நீங்கள் இதை வாரிசுகளின் அறங்காவலராகத்தான் வாங்குகிறீர்கள், இந்தப் பணத்தில் வேறு யாருக்காவது உரிமை இருந்தால் அது இதனால் போய்விடாது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதை எத்தனை கிளைகளில் வாய் திறந்து சொல்கிறார்கள்? கிளெய்ம் ஃபாரத்தின் நடுவில் பொடி எழுத்தில் இருக்கும், நாம் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டுவார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற அண்ணனோ மச்சானோ போனில் "ஜாயின்ட் அக்கவுன்ட்னா சர்வைவருக்குத்தான், இதுல என்ன கேள்வி?" என்று அடித்துச் சொன்னால் அவரையும் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்து மாதிரி நாடுகளில் கணவன் மனைவி சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு பொதுவாக இருப்பவருக்கே போய்விடும். அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவரக்கூடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஜாயின்ட் அக்கவுன்டில் பங்கு பார்ப்பது எப்படி? வரிசை இது:

1. கணக்கில் இருக்கும் பணத்தில் யார் போட்டது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சம்பளம், வாடகை, நிலம் விற்ற பணம், மகன் அனுப்பியது என்று ஸ்டேட்மென்டில் தடம் இருக்கும்.

2. உயிரோடிருப்பவர் போட்டது அவருடையதே. அது இறந்தவர் சொத்தில் சேராது, யாருக்கும் பங்கு கிடையாது.

3. இறந்தவர் போட்டதில், மற்றவருக்குக் கொடுத்துவிடும் எண்ணத்தோடு போட்டார் என்று நிரூபிக்க முடிந்த பகுதி இருந்தால் அது மற்றவருக்கு. நிரூபிக்கும் சுமை அவர் தலையில்.

4. மிச்சம்தான் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து. அதில் ஈமச்செலவும் கடனும் போக, உயில் இருந்தால் உயில்படி, இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டப்படி.

பெயர் சேர்த்தது வெறும் சௌகரியத்துக்கு என்பதுதான் நம் வீடுகளில் மிகச் சாதாரணம். முழங்கால் வலி, வங்கிப் படி ஏற முடியவில்லை, பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடலாம் என்று சேர்ப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு முழுப் பணத்தையும் எழுதிவைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. அவனுக்கு ஒரு பைசா கொடுக்கும் எண்ணம் இருந்திருக்கவும் வேண்டியதில்லை.

24 லட்சத்தை வைத்து ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், 90 தாண்டிய அவருடைய அம்மா. எஃப்டியில் 18 லட்சம், சேமிப்புக் கணக்கில் 6 லட்சம், இரண்டுமே இளைய மகன் பெயரைச் சேர்த்து எயிதர் ஆர் சர்வைவர். நாமினி மகள். உயில் இல்லை. பணம் முழுக்க ஆசிரியர் சம்பாதித்தது.

வங்கி யாரிடம் கொடுக்கும்? இளைய மகனிடம். மொத்தம் 24 லட்சமும். வங்கி செய்தது சரி, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

யாருக்குச் சேரும்? குடும்பம் இந்து என்றால் 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுகள்: மனைவி, மகன்கள், மகள், அம்மா. ஆளுக்கு ஒரு சமபங்கு. ஐந்து பேர், ஆளுக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். இளைய மகன் கையில் வாங்கிய 24 லட்சத்தில் அவனுடையது 4 லட்சத்து 80 ஆயிரம்தான், மீதி 19 லட்சத்து 20 ஆயிரத்துக்கு அவன் அறங்காவலன். கல்யாணமான மகளுக்கும் அதே பங்குதான், சீர் செய்தாயிற்று என்ற பேச்சு இங்கே செல்லாது. அந்தப் பாட்டியின் பங்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதைக் கடைசியில் பார்ப்போம். (இறந்தவரின் அப்பா உயிரோடிருந்தால்? அவர் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்குக் கிடையாது.)

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றலாம். அந்த 24 லட்சத்தில் 9 லட்சம் இளைய மகன் திருப்பூரில் வேலை செய்து மாதாமாதம் அனுப்பிச் சேர்த்தது, அப்பாவுக்குக் கொடுத்த பணம் இல்லை, தனக்காகச் சேர்த்தது என்று அவனால் காட்ட முடிகிறது. அப்போது சொத்து 15 லட்சம். ஆளுக்கு 3 லட்சம். இளைய மகனுக்கு 9 கூட்டல் 3, மொத்தம் 12 லட்சம். ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள் என்று வக்கீல்கள் நச்சரிப்பது இதற்குத்தான்.

அதே குடும்பம் முஸ்லிம் என்றால், சுன்னி ஹனஃபி முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். அம்மாவுக்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மிச்சம் 17 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு: மகன்களுக்கு ஆளுக்கு 6 லட்சத்து 80 ஆயிரம், மகளுக்கு 3 லட்சத்து 40 ஆயிரம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, 8 லட்சம். மீதி 16 லட்சம் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது அம்மாவுக்குப் பங்கில்லை.

ஒரே பாஸ்புக், ஒரே வரி, ஒரே நாமினி. வங்கியைப் பொறுத்தவரை மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான், இளைய மகன். வீட்டுக்குள் கணக்கு மூன்று விதமாகப் போகிறது.

இறந்தது பெண்ணாக இருந்தால்

இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் வேறு வரிசை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகள். அவர்களும் இல்லாவிட்டால்தான் அவளைப் பெற்ற அம்மா அப்பா. படிக்கும்போதே உறுத்தும். நடைமுறையில் எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கே சாட்சி: கல்யாணமான மூன்று மாதத்தில் கணவர் இறந்துபோனார். பெண் புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி, படித்து, வேலைக்குப் போய், வங்கிக் கணக்குகளிலும் பிராவிடன்ட் ஃபண்டிலும் பணம் சேர்த்தார். 1996-ல் உயில் இல்லாமல் இறந்தார். அவர் அம்மாவும் கேட்டார், கணவரின் உறவினர்களும் கேட்டார்கள். சட்டம் சொல்வது இதுதான், இரக்கத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்று சொல்லி, கணவர் வழி வாரிசுகளுக்கே கொடுத்தது நீதிமன்றம்.

இதை ஜாயின்ட் அக்கவுன்டோடு பொருத்திப் பாருங்கள். பிள்ளை இல்லாத, கணவரை இழந்த மகள் தன் சம்பளக் கணக்கில் அம்மா பெயரைச் சேர்த்து எயிதர் ஆர் சர்வைவர் போட்டிருக்கிறாள். அவள் இறந்தால் அம்மா தடையில்லாமல் பணத்தை எடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்துக்குக் கணவரின் தம்பி வழக்குப் போட்டால், அன்பளிப்பு என்று அம்மா நிரூபித்தாக வேண்டும். மகள் வெள்ளைத்தாளில் இரண்டு சாட்சிகள் வைத்து ஒரு உயில் எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காது. ரிஜிஸ்டர் செய்வதுகூடக் கட்டாயமில்லை.

வங்கிக்குப் போகும்போது

சர்வைவர் ஷரத்தோ செல்லுபடியாகும் நாமினியோ இருந்தால் தொகை எவ்வளவாக இருந்தாலும் வங்கி வாரிசு சான்றிதழ், கோர்ட்டில் வாங்கும் சக்சஷன் சர்டிபிகேட், நஷ்ட ஈட்டுப் பத்திரம், ஜாமீன்தாரர் எதையும் கேட்கக்கூடாது. கிளெய்ம் ஃபாரம், இறப்புச் சான்றிதழ், வருபவரின் அடையாள அட்டை போதும். கேட்டால் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லலாம், எழுத்தில் மறுப்புத் தரச் சொல்லலாம்.

சர்வைவரும் இல்லை, நாமினியும் இல்லை, தகராறும் இல்லை என்றால்? 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது வழிகாட்டுதல் வெளியிட்டு, 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கியும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. அதன்படி வணிக வங்கிகளில் 15 லட்சம் வரைக்கும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரைக்கும் எளிய முறை: வாரிசுகள் தரும் நஷ்ட ஈட்டுப் பத்திரம், பணம் வேண்டாம் என்று ஒதுங்கும் வாரிசுகளின் சம்மதக் கடிதம், தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ் அல்லது குடும்பத்தை நன்கறிந்த வெளியாள் ஒருவரின் உறுதிமொழிக் கடிதம். எல்லா ஆவணமும் வந்த 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், அந்தக் காலத்துக்கு 'பேங்க் ரேட்'டுக்கு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதம்) மேல் 4 சதவீதம் வட்டி. லாக்கர் என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய்.

தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழையும் நீதிமன்றம் தரும் சக்சஷன் சர்டிபிகேட்டையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். முன்னது இன்னார் இன்னார் வாரிசுகள் என்று சொல்லும் காகிதம். பின்னது இறந்தவருக்கு வர வேண்டிய பணத்தை வசூலிக்க ஒருவருக்குக் கோர்ட் தரும் அதிகாரம். அதை வாங்கியவரும் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, வாங்கிப் பங்கு கொடுக்க வேண்டியவர்தான்.

எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று: இறந்தவரின் ஏடிஎம் கார்டை வைத்து, பின் நம்பர் தெரியும் என்பதால், காரியத்துக்கு முன்பே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. பணம் காரியச் செலவுக்கே போயிருக்கலாம். ஆனால் தனி நபர் கணக்கில் இது அனுமதி இல்லாத வேலை, பின்னால் பங்காளிகள் ஸ்டேட்மென்டை விரித்து வைத்துக் கேட்கும்போது சந்தேகம் முழுக்க எடுத்தவர் மேல் விழும். ஜாயின்ட் அக்கவுன்ட் என்றால் உயிரோடிருப்பவர் தன் கார்டில், தன் கையெழுத்தில் எடுக்கட்டும், இறந்தவரின் கார்டை முடக்கிவிடுவதுதான் முறை. இறந்த பிறகு வந்து விழுந்த பென்ஷனைத் தொடக்கூடாது, அது திரும்பப் போக வேண்டிய பணம்.

தம்பி தர மறுத்தால்

வாரிசு ஒருவர் வங்கிக்குக் கடிதம் எழுதி "தம்பிக்குக் கொடுக்காதீர்கள்" என்றால் வங்கி நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. கோர்ட் தடை உத்தரவு இருந்தால்தான் வங்கியின் கை கட்டப்படும். பணம் போவதற்கு முன் தெரிந்தால் தடை கேட்டு மனு. போன பிறகு தெரிந்தால் வாங்கியவர் மேல் பங்கு கேட்டு சிவில் வழக்கு. வங்கியை எதிரியாகச் சேர்ப்பதில் பெரும்பாலும் பயனில்லை, சரியான ஆளிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அது விலகிவிடும்.

வழக்கு போடும் முன் கையில் இருக்க வேண்டியது: கணக்கு தொடங்கிய நாள் முதல் ஸ்டேட்மென்ட், எஃப்டி எந்தப் பணத்தில் போடப்பட்டது என்பதற்கான தடம், வாரிசு சான்றிதழ். இதில் முதலாவதைத்தான் வங்கியில் வாங்குவது கஷ்டம். பழைய பாஸ்புக்குகளைப் பரணில் இருந்து எடுத்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

யாருமே கேட்காமல் 10 வருடம் கிடந்த டெபாசிட் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகள் பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்த வங்கி மூலமாகவே கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தேட 2023-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளம் இருக்கிறது.

அந்தப் பாட்டியின் பங்கு

தலைமையாசிரியர் வீட்டில் 24 லட்சத்தையும் பிரிக்காமல், வருடம் திரும்பட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்குக்காரியான பாட்டி அதற்குள் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கிடைக்காத பணம்தானே, பங்கும் போய்விட்டது என்று நினைக்க முடியாது. மகன் இறந்த அன்றே 4 லட்சத்து 80 ஆயிரம் பாட்டிக்குப் பாத்தியப்பட்டுவிட்டது. தாத்தா முன்பே போய்விட்டதால் அது இப்போது பாட்டியின் பிள்ளைகளுக்குப் போகும். அவருக்குத் தலைமையாசிரியரைத் தவிர இன்னும் ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு, அதாவது 1 லட்சத்து 20 ஆயிரம், தலைமையாசிரியரின் மூன்று பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 40 ஆயிரம். மீதி 3 லட்சத்து 60 ஆயிரம் சித்தப்பாவுக்கும் இரண்டு அத்தைகளுக்கும். முதல் மரணத்தில் ஐந்து பேரோடு முடிந்திருக்க வேண்டிய காகிதத்தில் இப்போது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும், பாட்டிக்கென்று தனியாக ஒரு வாரிசு சான்றிதழும் வாங்க வேண்டும்.